பிறப்பறியாப் பெருமகன் பிரெடரிக் டக்ளஸ்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல். ஆயினும் இவ்விதி எல்லார்க்கும் ஒன்றுபோல் வழங்கப்பட்டதில்லை. மேலோர் எனப்பட்டோரின் மூலத்தைக் கேட்டவர் எவருமிலர். ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டோரை மட்டும், நீ யார் மகன், எந்தத் தெரு, உன் பாட்டன் என்ன தொழில் செய்தான் என்று பள்ளிக்கூட வாயிலிலும் வேலை தேடிச் சென்ற இடத்திலும் கேட்டு நிறுத்தியது சமுதாயம். கேட்டவர்களுக்குத் தேவைப்பட்டது விடையன்று. கேள்வியால் விளையும் தலைகுனிவே ஆகும்.

கல்விப் பணிக்கென அமைந்த நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில், இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்த ஒருவரின் வரலாற்றை வரைவது பொருத்தமெனக் கருதுகின்றோம். அவர் நம் நாட்டினர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். எனினும் பிறப்பைக் காட்டி மனிதரைத் தாழ்த்திய கொடுமைக்கு எதிராக எழுந்தோர் அனைவருக்கும் முன்னோராகத் திகழ்பவர். அவரே அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் தலைமகனாய் விளங்கிய பிரெடரிக் டக்ளஸ்.

பிறந்த மண்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கீழ்க்கரையில் மேரிலாந்து என்றொரு மாநிலம் உண்டு. அதன் டால்பட் வட்டாரத்தில் டக்கஹோ என்னும் சிற்றாறு ஓடுகின்றது. அவ்வாற்றை அடுத்த பண்ணை நிலத்தில், பெட்சி பெய்லி என்னும் மூதாட்டியின் குடிசையில் வளர்ந்த குழந்தைகளுள் ஒருவர் நம் தலைவர். பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது அன்னை இட்ட பெயர். அன்னையின் பெயர் ஹாரியட் பெய்லி. பெட்சியின் கணவர் ஐசக் அடிமையல்லர். மரம் அறுத்துப் பிழைத்த உரிமைக் குடிமகன். ஆயினும் பெட்சி அடிமையாதலின் அவர் வயிற்றில் பிறந்த ஹாரியட்டும் அடிமையே. ஹாரியட்டின் மக்களும் அடிமைகளே.

அடிமை நாட்டுச் சட்டத்தின் நுட்பம் இதுவே. பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. தந்தை யாராயினும் அதுபற்றிக் கேள்வியில்லை. ஆண்டானே தந்தையாயினும் பிள்ளை அவனுக்கு மகன் ஆவதில்லை, உடைமையே ஆவான். பிற மக்களுக்குப் பெருமையாய் அமைந்த குலமுறை, அடிமைக்கு விலங்காய் அமைந்தது.

இவர்களை உடைமையாகக் கொண்டிருந்தவர் ஆரன் அந்தோணி என்பவர். அவர் பெருஞ்செல்வராகிய எட்வர்டு லாயிடு என்பாரின் பண்ணைகளை மேற்பார்க்கும் தலைமைக் காரியக்காரர். ஹாரியட் ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள வேறொரு பண்ணையில் வேலைக்கு விடப்பட்டிருந்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு, இரவில் கால்நடையாக வந்து மகனைக் கண்டு, பொழுது புலருமுன் மீண்டும் வயலில் நிற்க வேண்டும். தவறின் கசையடி. ஆதலால் தாயை மகன் கண்ட நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவையும் இருளில் கண்ட காட்சிகளே.

பாட்டியின் குடிசையும் தாயின் இறுதி வருகையும்

பெட்சி அம்மையார் அப்பகுதியில் பெயர் பெற்றவர். பேறுகாலம் பார்ப்பதில் வல்லவர். மீன் வலை பின்னுவதில் தேர்ந்தவர். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் விதைக்கொடியைக் குளிரில் அழியாமல் காத்து நடுவதில் கைராசிக்காரர் என்று மக்கள் போற்றினர். அவர் மடியில் வளர்ந்த காலத்தில் தாம் அடிமை என்பதையே பிரெடரிக் அறியார்.

1824ஆம் ஆண்டில், ஆறு வயதில், அம்மடியும் பறிபோயிற்று. ஆண்டானின் ஆணைப்படி, பாட்டியார் பேரனை 12 மைல் தொலைவு நடத்தியும் தூக்கியும் கொண்டு சென்று லாயிடு பண்ணையின் பெருமாளிகைப் புறத்தே சேர்த்தார். அங்கு விளையாடிக் கொண்டிருந்த சிறாருள் தம் உடன்பிறந்தாரையே பிரெடரிக் முதன்முதலாகக் கண்டார். பாட்டியார் சொல்லிக்கொள்ளாமலே திரும்பிச் சென்றுவிட்டார். சொல்லிப் பிரியும் வன்மை அம்மூதாட்டிக்கு இல்லை போலும்.

அங்கே படுக்கை வெறுந்தரை. குளிருக்குப் போர்வை ஒரு கோணிப்பை. சிறுவர்க்குரிய கூழ் தொட்டியில் ஊற்றப்படும். முந்தியவனுக்கு வயிறு நிறையும், பிந்தியவன் பட்டினி கிடப்பான். ஒருநாள் சமையற்கட்டின் தலைமைக்காரி சினங்கொண்டு பிரெடரிக்குக்கு உணவை மறுத்தாள். அன்றிரவு தற்செயலாக அன்னை ஹாரியட் வந்துசேர்ந்தார். மகனின் பசியறிந்து, அப்பெண்ணைக் கடிந்து, மகனை மடியிலிருத்தி இனிப்பு அப்பம் ஒன்றை ஊட்டினார். தாம் வெறும் பிள்ளையல்லர், ஒரு தாயின் பிள்ளை என்பதைப் பிரெடரிக் உணர்ந்த நாள் அது. உறங்கி விழித்தபோது தாய் இல்லை. அதுவே இறுதிச் சந்திப்பு. அவருக்கு ஏழு வயதளவில் அன்னை நோயுற்று மறைந்தார். நோய்ப்படுக்கையிலும் அடக்கத்திலும் மகனை அருகிருக்க விடவில்லை.

எழுத்து என்னும் திறவுகோல்

1826இல் பிரெடரிக் பால்டிமோர் நகரிலிருந்த ஹியூ ஆல்டு என்பாரின் இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அவ்வில்லத்து அம்மையார் சோபியா நல்ல உள்ளத்தோடு அரிச்சுவடியைக் கற்பிக்கத் தொடங்கினார். கணவர் அறிந்து தடுத்தார். எழுத்தறிந்த அடிமை அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான் என்பது அவர் அச்சம். அத்தடையே சிறுவனுக்குப் பாடமாயிற்று. எதனை ஆண்டான் இத்துணை அஞ்சுகின்றானோ அதுவே விடுதலைக்கு வழி என்று தெளிந்தார்.

அன்றுமுதல் தெருவே பள்ளிக்கூடம். வீட்டில் கிடைத்த ரொட்டித் துண்டுகளைப் பசித்திருந்த வெள்ளை ஏழைச் சிறுவர்க்குத் தந்து அதற்கீடாக எழுத்துகளைக் கற்றார். கப்பல் கட்டும் துறையில் மரத்துண்டுகள்மேல் தச்சர் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்து எழுதிப் பழகினார். ஆண்டான் மகனின் பழைய எழுத்தேடுகளில் இடைவெளி கிடைத்த இடங்களில் அவனைப் போலவே எழுதிப் பார்த்தார். 12 வயதளவில், ஈட்டிய 50 சென்டு காசைக் கொண்டு சொற்பொழிவுத் திரட்டு நூல் ஒன்றை வாங்கினார். பின்னாளில் மாபெரும் சொற்பொழிவாளராய் அவர் விளங்கியதற்கு வித்து அதுவே.

இதற்கிடையில் 1826இன் இறுதியில் ஆரன் அந்தோணி இறந்தார். மறு ஆண்டில் சொத்துப் பிரிவினைக்காக அடிமைகள் அனைவரையும் வரிசையில் நிறுத்தி விலை மதித்தனர். குதிரையும் பன்றியும் மாடும் மாந்தரும் ஒரே வரிசையில் நின்றனர். ஒன்பது வயதுச் சிறுவராகிய பிரெடரிக்கும் நின்றார். அந்தோணியின் மருமகனாகிய தாமஸ் ஆல்டு என்பாரின் பங்கில் அவர் சேர்ந்தார்.

1834இல் அடங்காத அடிமைகளை அடக்குபவன் எனப் பெயர் பெற்ற எட்வர்டு கோவி என்பவனிடம் ஓராண்டிற்கு வாடகைக்கு விடப்பட்டார். தொடர்ந்து அடியுண்டு நைந்தவர், ஒருநாள் எதிர்த்து நின்று அவனோடு போரிட்டார். அதன்பின் கோவி அவர்மேல் கை வைக்கவில்லை. மறு ஆண்டில் வேறொரு பண்ணையில் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் மறைவாகப் பள்ளி நடத்தி, 40க்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு எழுத்தறிவித்தார். மேடைகளும் பதவிகளும் பின்னால் எத்தனையோ வந்தன. எனினும், அகப்பட்டால் கசையடி எனத் தெரிந்தும் தேடி வந்து கற்றோருக்கு நடத்திய அப்பள்ளியே தம் வாழ்வின் இனிய பணிகளுள் ஒன்று என அவர் நினைவு கூர்ந்தார்.

விடுதலையும் புதுப்பெயரும்

1838 செப்டம்பர் 3ஆம் நாள், மாலுமி உடை தரித்து, உரிமைக் குடிமகன் ஒருவரின் சான்றிதழை இரவல் பெற்று, தொடர்வண்டியேறி வடபுலம் தப்பிச் சென்றார். அவர் தப்பிச் செல்லப் பொருளுதவியவர் அன்னா மர்ரே என்னும் நங்கை. உரிமைக் குடியில் பிறந்தவர். நியூயார்க்கில் இருவரும் மணம் புரிந்து நியூ பெட்போர்டு நகரில் குடியேறினர். தேடிப் பிடிப்போர் கையில் அகப்படாதிருக்கப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. அடைக்கலம் தந்த நண்பர் ஒருவர் தாம் படித்துக்கொண்டிருந்த காப்பியத்திலிருந்து டக்ளஸ் என்னும் பெயரைத் தேர்ந்து தந்தார். தந்தை பெயர் முன்பே இல்லை. தாய்வழி வந்த பெய்லி என்னும் பெயரும் இப்போது போயிற்று. பிரெடரிக் என்னும் பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்.

1841இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்பு மாநாட்டில் பேசியது முதல் அவர் புகழ் பரவிற்று. புகழோடு ஐயமும் வந்தது. இத்துணைச் செம்மையாகப் பேசுபவன் அடிமையாய் இருந்திருக்க முடியுமோ என்றனர் சிலர். அதற்கு மறுமொழியாக 1845இல் தம் வரலாற்றை நூலாக எழுதி, ஆண்டான்களின் பெயர்களையும் ஊர்களையும் வெளிப்படையாக அச்சேற்றினார். நான்கே மாதங்களில் 5,000 படிகள் விற்றன. மெய்யைச் சொன்னதன் விலையாகப் பிடிபடும் இடர் நேர்ந்ததால், அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்று ஏறத்தாழ இரண்டாண்டுகள் தங்கினார். அங்குள்ள நண்பர்கள் 150 பவுன் திரட்டி ஆல்டு குடும்பத்தாரிடமிருந்து அவர் விடுதலையை 1846இல் வாங்கினர்.

நாடு திரும்பிய டக்ளஸ் 1847 டிசம்பரில் ராச்செஸ்டர் நகரில் வடமீன் என்னும் பொருள்படும் பெயரில் கிழமை இதழைத் தொடங்கினார். அந்நகரில் அவர் மகள் ரோசெட்டா பள்ளியில் பிற பிள்ளைகளோடு ஒன்றாக அமர்த்தப்படாதபோது வெகுண்டெழுந்து போராடினார். 1857இல் ராச்செஸ்டர் பள்ளிகளில் நிறவேற்றுமை நீக்கப்பட்டது. 1848இல் செனக்கா பால்சு நகரில் கூடிய மகளிர் உரிமை மாநாட்டில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என வாதாடினார். உள்நாட்டுப் போரில் கறுப்பினத்தார் படையில் சேருமாறு அழைத்துத் தம் மைந்தருள் இருவரை அனுப்பினார். 1863இல் குடியரசுத் தலைவர் லிங்கனை நேரில் கண்டு கறுப்பினப் படைவீரர்க்குச் சம ஊதியம் கோரினார். 1865இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. பின்னர்த் தலைநகர் மாவட்டத்தின் மார்ஷல் பதவியும், எய்தி நாட்டுத் தூதுவர் பதவியும் அவரை நாடி வந்தன.

தந்தை யார்?

இனி நாம் தொடக்கத்தில் எடுத்த கேள்விக்கு வருவோம். டக்ளஸ் தம் வாழ்க்கையை மூன்று நூல்களாக எழுதினார். மூன்றிலும் தந்தையைப் பற்றிய செய்தி வேறுபடுகின்றது. 1845ஆம் ஆண்டு நூலில் தம் தந்தை வெள்ளையர் என்றும், ஆண்டானே தந்தை என்று மறைவாகப் பேசப்பட்டதென்றும் எழுதினார். 1855ஆம் ஆண்டு நூலில் அவ்வுறுதி தளர்ந்தது. தந்தை யாரென்பது தம்மால் ஊடுருவ இயலாத மறைபொருள் என்றார். 1881இல் வெளியான மூன்றாம் நூலில், தந்தையைப் பற்றித் தாம் ஒன்றும் அறியார் என்று சுருங்கக் கூறி முடித்தார். ஆரன் அந்தோணியா, தாமஸ் ஆல்டா, வேறொருவரா என்று ஆராய்ச்சியாளர் இன்றளவும் பேசுகின்றனர், சான்று ஏதுமில்லை.

இவ்விடத்து நாம் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. டக்ளஸின் அறிவாற்றலைக் கண்டு வியந்தோருள் சிலர், அது அவர் உடலில் கலந்த வெள்ளையர் குருதியின் விளைவு என்றனர். புகழ்வது போல் ஓர் இனத்தையே இகழும் பேச்சு இது. டக்ளஸ் இதனை ஏற்கவில்லை. தம் அன்னை எழுத்தறிந்தவர், டக்கஹோ பகுதியில் கறுப்பின மக்களுள் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்னும் செய்தியை அன்னை மறைந்த பின்னர் அவர் அறிந்தார். வயலில் உழைத்த ஓர் அடிமைப்பெண் எவ்வாறு எழுத்தறிந்தார் என்பது வியப்பே. தமக்கு வாய்த்த எழுத்துப் பற்று அத்தாயிடமிருந்து வந்ததேயன்றி, பெயரறியா வெள்ளைத் தந்தையிடமிருந்து வந்ததன்று என்று 1855ஆம் ஆண்டு நூலில் திட்டமாக எழுதினார். அன்னையின் உருவப்படம் எதுவும் இல்லை. மாந்தரினங்களைப் பற்றிய நூலொன்றில் கண்ட எகிப்திய மன்னன் சிலையின் வரைபடத்தில் தாயின் முகச்சாயலைக் கண்டார். தாயை நினைக்குந்தோறும் அப்பக்கத்தையே புரட்டினார்.

இப்பேச்சு நமக்குப் புதிதன்று. திருவள்ளுவர்க்கும் நம் நாட்டில் பார்ப்பனத் தந்தை ஒருவரைக் கற்பித்துக் கதை கட்டினர். தாய் புலைச்சி என்றும் தந்தை மறையவர் என்றும் கூறும் அக்கதையின் உட்பொருள் யாது? தாழ்ந்தோர் எனப்பட்டாரிடம் பேரறிவு தோன்றினால், அதன் உரிமையை உயர்ந்தோர் எனப்பட்டார்க்கு மாற்றி எழுதுவதே. அயோத்திதாசப் பண்டிதர் இக்கதையை வன்மையாக மறுத்தெழுதினார். கடலுக்கு அப்பால் டக்ளஸ் தம் தாய்க்காகச் செய்ததும் அத்தகைய மறுப்பே.

அன்னா அம்மையார் 1882இல் மறைந்தபின், 1884இல் ஹெலன் பிட்ஸ் என்னும் வெள்ளையின மாதரை டக்ளஸ் மணந்தார். இரு இனத்தாரும் பழித்தனர். முதல் மனைவி தம் தாயின் நிறத்தினர், இரண்டாம் மனைவி தம் தந்தையின் நிறத்தினர் என்று அவர் மறுமொழி கூறியதாகச் சொல்வர்.

பிறந்த நாளைத் தேடி

தந்தையின் பெயர் போலவே பிறந்த நாளும் அவருக்கு மறைக்கப்பட்டிருந்தது. அடிமைகள் தம் பிறப்பை விதைப்புக் காலம், அறுப்புக் காலம், கனி பழுக்கும் காலம் என்றே குறித்தனர். நம் பாட்டன்மாரும் தாது வருடப் பஞ்சத்திற்கு முன், பெருவெள்ளத்திற்குப் பின் என்றுதானே வயது சொன்னார்கள்? பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் குறித்ததே நம்மில் பலர்க்குப் பிறந்த நாள். ஆதலின் இவ்வேக்கம் நமக்கு விளங்காததன்று.

1877இல், முதிர்ந்து நோயுற்றுக் கிடந்த தாமஸ் ஆல்டைக் காண டக்ளஸ் சென்றார். ஒருகாலத்தில் ஆண்டான், இப்போது நடுங்கும் கையோடு கிடக்கும் கிழவர். எதிரே நின்றவரோ நாடறிந்த தலைவர், தலைநகர் மார்ஷல். டக்ளஸ் அவரிடம் வினவியவற்றுள் ஒன்று தாம் பிறந்தது எப்போது என்பது. 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்றார் ஆல்டு. அதுவரை தாம் எண்ணியிருந்ததைவிட ஓராண்டு இளையவர் என அறிந்தார் டக்ளஸ். மறு ஆண்டில் டக்கஹோ சென்று பாட்டியின் குடிசை இருந்த இடத்தைத் தேடினார். குடிசை இல்லை. அவ்விடத்து மண்ணைக் கையளவு அள்ளித் தம் இல்லத்திற்கு எடுத்துச் சென்றார். 1894இல், இறப்பதற்கு ஓராண்டிற்கு முன்னரும், ஆல்டு வழியினர் ஒருவரைப் பால்டிமோரில் கண்டு தம் வயதைப் பற்றியே கேட்டார். அன்னை தம்மை அன்பர் திருநாளுக்குரிய செல்லப்பெயரிட்டு அழைத்ததாகக் கொண்ட நினைவால், பிப்ரவரி 14ஆம் நாளைத் தம் பிறந்த நாளாக அவரே வகுத்துக்கொண்டார். 1895 பிப்ரவரி 20ஆம் நாள், பகலில் மகளிர் மாநாடொன்றில் கலந்துகொண்டு இல்லம் திரும்பிய டக்ளஸ் அன்று மாலை உயிர் நீத்தார்.

அவர் தேடிய விடை அப்போதும் உலகில் இருந்தது. ஆரன் அந்தோணி தம் அடிமைகளின் பிறப்புகளைக் கணக்கேட்டில் எழுதிவைத்திருந்தார். அன்பினால் அன்று, தொழுவத்தில் கன்று பிறந்ததைக் குறிப்பது போல, உடைமை பெருகியதைக் குறித்தார். அவ்வேட்டில் ஹாரியட்டின் மகன் பிரெடரிக் அகஸ்டஸ் 1818 பிப்ரவரியில் பிறந்தான் என்ற குறிப்பு உள்ளது. டிக்சன் பிரஸ்டன் என்பார் 1980இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கிக் காட்டினார். அந்தோணியின் ஏடுகளையும் பிற பதிவுகளையும் கொண்டு அவர் தாய்வழியையும் பின்தொடர்ந்தார். ஹாரியட் பிறந்தது 1792. பெட்சி பிறந்தது 1774. இவர்களுக்கு முன்னோராக 1701இல் பிறந்த பேலி என்பார் வரை வழி தெரிகின்றது. பெய்லி என்னும் குடும்பப் பெயருக்கு மூலம் அதுவே போலும். டக்ளஸ் கேட்டுக் கேட்டு ஓய்ந்த ஆண்டு, அவரை விலைப்பொருளாய் எழுதிய ஏட்டிலேயே இருந்தது. தந்தையின் பெயரோ அவ்வேட்டிலும் இல்லை.

நமக்குரியது

1873இல் மகாத்மா ஜோதிராவ் புலே, அடிமைத்தனம் என்னும் பொருள்படும் தம் மராத்தி நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அண்ணல் அம்பேத்கரும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்தைக் கருத்தூன்றிக் கற்றார். ஆகவே டக்ளஸை நம் முன்னோருள் ஒருவராக எண்ணுவது மிகையாகாது.

தந்தை பெயர் எழுத வேண்டிய இடம் டக்ளஸுக்கு இறுதிவரை வெற்றிடமாகவே இருந்தது. அவ்விடத்தில் செல்வாக்குடைய ஒரு பெயரை எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் அவர் எழுதவில்லை. எழுத்தறிந்த ஓர் அடிமைத் தாயின் மகன் என்பதே போதும் என்றிருந்தார். நம் இல்லங்களிலும் ஹாரியட்களும் பெட்சிகளும் வாழ்ந்து மறைந்துள்ளனர். அவர்தம் பெயர்கள் பண்ணையார் வீட்டுக் கணக்கிலும் கடன் பத்திரங்களிலும் கைநாட்டாக மட்டுமே எஞ்சியிருத்தல் கூடும். எழுத்தறிந்த தலைமுறையாகிய நாம், நம் பாட்டியின் பெயரையும் அவருக்கு முந்தையோர் பெயரையும் உயிரோடிருக்கும் முதியோரைக் கேட்டு எழுதிவைப்போமாக. நம் பிள்ளைகள் தம் மூலத்தைப் பிறர் ஏட்டில் தேடும் நிலை இனி வேண்டா.